உஷார்! 'குட்டியை இன்னிக்கே எடுத்துக்கிறேன்' என்கிறவர்

"குட்டி இருக்கா? இன்னிக்கே வந்து எடுத்துக்கிறேன். லொகேஷன் போடுங்க."

தெருவில் கிடந்த பூனைக்குட்டிகளைத் தூக்கி வந்து, பால் கொடுத்துத் தேற்றி, நல்ல வீடு தேடிப் படம் போட்ட எவருக்கும் இந்தச் செய்தி வந்திருக்கும். படம் போன சில நிமிஷங்களிலேயே வரும். 'அப்பாடா, ஒண்ணுக்கு வழி பிறந்தது' என்று மனசு லேசாகும். அங்கேதான் நிற்க வேண்டும். அந்த வரியை இன்னொரு தடவை படியுங்கள். குட்டிக்கு எத்தனை வாரம் என்று அவர் கேட்கவில்லை. தானாகச் சாப்பிடுகிறதா, தடுப்பூசி போட்டாயிற்றா, மணல் தட்டில் போகப் பழகியிருக்கிறதா, எதையும் கேட்கவில்லை. தன் வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்று சொல்லவும் இல்லை. உங்கள் கையில் இருப்பது இன்றைக்கே தன் கைக்கு வரவேண்டும், அவ்வளவுதான்.

இப்படி எழுதுகிற எல்லாரும் கெட்டவர்கள் என்று சொல்ல மாட்டேன். மகள் படத்தைப் பார்த்து அடம் பிடித்தாள், அதனால் கேட்டேன் என்கிற அப்பாக்கள் நிறைய உண்டு. ஆனால் கெட்ட எண்ணத்தோடு வருகிறவரும் இதே வரியைத்தான் எழுதுவார். எழுத்தை வைத்து இருவரையும் பிரிக்க முடியாது. கேள்வி கேட்டால் பிரிக்கலாம். நாலு நாள் காக்க வைத்தால் இன்னும் நன்றாகப் பிரிக்கலாம்.

நம்மால் காக்க வைக்க முடியாமல் போவது ஏன் என்பதும் தெரிந்ததுதான். சென்னையில் வெயில் ஏறத் தொடங்கினால் மாடிப்படிக்கு அடியில், ஏசி பெட்டிக்குப் பின்னால், மூடிக்கிடக்கும் கடையின் ஷட்டருக்குள் குட்டிகள். ஐப்பசி, கார்த்திகை மழையில் கார் பானெட்டுக்குள் குட்டிகள். எடுத்து வந்தவர் வீட்டுக் குளியலறையில் ஓர் அட்டைப்பெட்டி, இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை பால், ஆபீஸுக்கு லீவு, வீட்டில் முணுமுணுப்பு, "எப்பம்மா அனுப்பப் போறீங்க?" என்று ஹவுஸ் ஓனர். சில வாரம் போனால் கண்ணுக்குக் கீழே கருவளையம் விழுந்திருக்கும். அந்தக் களைப்பில் யார் வந்து கேட்டாலும் தெய்வமாகத்தான் தெரிவார்கள். ஏமாற்ற வருகிறவர்கள் நம்பி வருவதும் அந்தக் களைப்பைத்தான்.

சொல்லக் கூசுகிற விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். பூனைக்குட்டிகளைச் சித்திரவதை செய்து அதை வீடியோ எடுப்பவர்கள் உலகத்தில் இருக்கிறார்கள். 2010 டிசம்பரில் இரண்டு குட்டிகளைக் காற்று உறிஞ்சும் பிளாஸ்டிக் பைக்குள் போட்டு ஒருவன் மூச்சுத் திணறக் கொன்ற வீடியோ இணையத்தில் வெளியானது. பார்த்துப் பதறிய சாதாரண ஆட்கள் சிலர் தாங்களே துப்புத் துலக்கி அவன் பெயர் வரை கண்டுபிடித்தார்கள். பூனைதானே என்று அலட்சியம் செய்தவர்களும் இருந்தார்கள். அவன் பெயர் லூக்கா மக்னோட்டா, கனடாக்காரன். 2012 மே மாதம் மான்ட்ரியலில் சீன மாணவர் ஒருவரைக் கொலை செய்து அதையும் படம் பிடித்தான். 2014 டிசம்பரில் ஆயுள் தண்டனை பெற்றான். நெட்ஃபிளிக்ஸ் 2019இல் இந்தக் கதையை மூன்று பாக ஆவணத் தொடராக வெளியிட்டது. எங்கோ கனடாவில் நடந்த ஒற்றைக் கிறுக்கு என்று ஒதுக்கவும் முடியாது. 2020 ஏப்ரலில் சீனாவின் ஷாண்டோங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் ஒரு மாணவனை வெளியேற்றியது. பூனைகளைச் சித்திரவதை செய்து, அந்த வீடியோக்களை விற்றான் என்பது அவன்மீது இருந்த புகார். விற்றான் என்றால் காசு கொடுத்து வாங்கவும் ஆள் இருந்திருக்கிறது.

நம் நாட்டுச் சட்டம் இதற்கு என்ன வைத்திருக்கிறது? 1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டம், பிரிவு 11. முதல் குற்றத்துக்கு அபராதம் பத்து ரூபாய்க்குக் குறையாமல், ஐம்பது ரூபாய்க்கு மிகாமல்! இன்றைக்கும் அதே தொகைதான். ஐம்பது ரூபாய்க்கு நல்ல ஹோட்டலில் ஒரு தோசைகூட வராது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் அதிகபட்சத் தண்டனை ஆறு மாதச் சிறையாகத்தான் இருந்தது. போதாது என்று 2021இல் சட்டம் திருத்தி ஐந்து ஆண்டாக்கினார்கள். இங்கே ஆறுதலாக ஒன்று உண்டு. 2024 ஜூலை முதல் நடப்பில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 325ஆம் பிரிவு, எந்த விலங்கையும் கொல்வது, விஷம் வைப்பது, ஊனமாக்குவது ஆகியவற்றுக்கு ஐந்து ஆண்டு வரை சிறை என்கிறது. ஆனால் அதற்கு யார் செய்தார், எப்போது செய்தார், எந்த விலங்கு என்பதற்கெல்லாம் ஆதாரம் வேண்டும். பேர் தெரியாத ஒருவரிடம் சிக்னலில் வைத்துக் கைமாற்றிய குட்டிக்கு என்ன ஆதாரம் இருக்கப் போகிறது?

சித்திரவதை செய்கிற இந்த ரகத்தினர் மிகச் சிலர்தான். அந்தச் சிலருக்கும் சுலபமான வழி 'இலவசம், உடனடியாக எடுத்துக்கொள்ளலாம்' என்கிற விளம்பரங்களே. பாம்புக்கு இரையாகவும், சண்டை நாய்களுக்கு வெறியேற்றவும் இலவசக் குட்டி தேடுகிறவர்கள் உண்டு என்று மேலைநாட்டுக் காப்பகங்கள் பல வருஷங்களாக எச்சரித்து வருகின்றன. அங்கே 'இலவசக் குட்டி' என்று போடாதீர்கள் என்பது பாலபாடம். நம்மூரிலோ அதையே தலைப்பாகப் போட்டு, கீழே பத்து இலக்க செல்போன் நம்பரையும் போடுகிறோம்.

அடுத்த ரகம் வியாபாரி. இவர் எண்ணிக்கையில் அதிகம், தேன் ஒழுகப் பேசுவார். "மேடம், எனக்குப் பூனைன்னா உயிர்." கூடவே ஒரு நிபந்தனை வரும். வெள்ளை நிறம், நீலக் கண், புசுபுசு முடி, பெர்ஷியன் ஜாடை, முக்கியமாகப் பெட்டை. நம் ஊரில் தெருக்குட்டி தத்தெடுக்க வருகிறவர்கள் பெரும்பாலும் கடுவன்தான் கேட்பார்கள். "பொட்டையா? வேணாங்க, குட்டி போட்டுட்டே இருக்கும்" என்பார்கள். ஆகவே பெர்ஷியன் ஜாடையில் பெட்டையைத்தான் தருவீர்களா என்று ஒருவர் மூச்சுக்கு மூச்சு கேட்டால் காது நிமிரட்டும். "கருத்தடை செய்துதான் கொடுப்போம்" என்று ஒரு வரி போட்டுப் பாருங்கள். வியாபாரியாக இருந்தால் அதோடு சத்தம் அடங்கிவிடும். இதைவிட நல்ல சல்லடை எனக்குத் தெரியாது. போகிற போக்கில் இன்னொன்று: இரண்டு கண்ணும் நீலமாக உள்ள வெள்ளைப் பூனைகளில் பெரும்பாலானவற்றுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. அழகுக்காக அதைத் தேடி வருகிறவரிடம் இந்த விஷயத்தைச் சொன்னால் முகம் மாறுகிறதா என்று பாருங்கள்.

இதே கூட்டத்தில் உங்களிடம் ஒரு குட்டி, வேளச்சேரியில் ஒருவரிடம் ஒரு குட்டி, தாம்பரத்தில் ஒருவரிடம் ஒரு குட்டி என்று வெவ்வேறு பெயரில் திரட்டுகிறவர்கள் உண்டு. இரண்டு குட்டி கேட்பதே தப்பு என்று நினைத்துவிடாதீர்கள். உடன்பிறந்த இரண்டை ஒன்றாக எடுத்துக்கொள்வது குட்டிகளுக்கு நல்லது. அதை வெளிப்படையாகக் கேட்பவரிடம் பயமில்லை. ஏற்கெனவே வாங்கியதை மறைக்கிறாரா என்பதுதான் கேள்வி. அதற்காகவாவது குட்டிகளைப் பராமரிக்கிறவர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ள வேண்டும். ஒரே நம்பர் மூன்று பேரிடம் வந்திருக்கிறது என்பது சேர்ந்து பேசினால்தான் தெரியும்.

உங்கள் குட்டியைத் தொடாமலே ஏமாற்றுகிறவர்களும் இருக்கிறார்கள். நீங்கள் போட்ட படத்தைத் திருடித் தங்கள் பக்கத்தில் போடுவார்கள். "தத்து இலவசம், வண்டிச் செலவு மட்டும் முன்பணம்" என்று கியூஆர் கோடு அனுப்புவார்கள். பணம் போனதும் நம்பர் அணைந்துவிடும். இதில் ஏமாந்தவர் உங்கள் படத்தை வைத்து உங்களையே மோசடிக்காரர் என்பார். படத்தின் நடுவில், வெட்டி எடுக்க முடியாதபடி, உங்கள் பெயரையோ ஊரையோ எழுதிவிடுங்கள்.

இதுவரை சொன்னது திருட்டுக் கும்பல். ஆனால் தத்துப்போன குட்டிகள் அதிகமாகச் சாவது நல்லவர்கள் வீட்டில். இது பலருக்குக் கசக்கும்.

"நல்லா பாத்துப்பீங்களா?" என்று கேட்டால் யார் "மாட்டேன்" என்பார்கள்? அந்தக் கேள்வியால் ஒரு பயனும் இல்லை. "பொங்கலுக்கு ஊருக்குப் போனா பூனையை யார் பார்ப்பாங்க?" என்று கேளுங்கள். யோசிக்கிற ஆள் யோசிப்பார். யோசிக்காதவர் "அது பாட்டுக்கு இருக்கும், பால் வச்சிட்டுப் போவோம்" என்பார். விடை கிடைத்துவிட்டது. "இதுக்கு முன்னாடி பூனை வளர்த்தீங்களா, அது இப்ப எங்கே?" என்று கேளுங்கள். "பதினாலு வயசுல கிட்னி போயிடுச்சு, வேப்பேரிக்குத் தூக்கிட்டு அலைஞ்சோம்" என்று கால்நடை மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியின் வரிசையில் நின்ற கதையைச் சொல்கிறவர் வேறு. "மூணு வளர்த்தோம், ஒண்ணொண்ணா காணாமப் போச்சு" என்கிறவர் வேறு. இவர் பொய் சொல்லவில்லை. நாலாவதும் காணாமல்தான் போகும்.

"போன மாசம் ஒரு குட்டி வாந்தி, வயித்தால போயி ரெண்டே நாள்ல செத்துப்போச்சு, அதான் வேற கேக்கறோம்" என்றால் ரொம்ப உஷார். அது அநேகமாகப் பூனைகளுக்கு வரும் பார்வோ, அதாவது பேன்லுக்கோபீனியா. அந்த வைரஸ் தரையிலும் துணியிலும் ஒரு வருஷம் வரை உயிரோடு கிடக்கும். தடுப்பூசி முடியாத குட்டியை அந்த வீட்டுக்குள் விட்டால் மறுபடியும் அதே கதை நடக்கும். ஒரு பங்கு ப்ளீச்சுக்கு 32 பங்கு தண்ணீர் கலந்து துடைத்தால்தான் அது சாகும். சாதாரண ஃபினாயிலுக்கு அசையாது, ஃபினாயிலோ பூனைக்கே விஷம். டெட்டாலும் அப்படியே. அந்த வீட்டில் ஆசை குறையாமல் இருந்தால், மூன்று நான்கு வார இடைவெளியில் போடவேண்டிய தடுப்பூசிகளை எல்லாம் முடித்த, நாலு மாதம் தாண்டிய பூனையைக் கொடுக்கலாம். ஆளை மறுக்க வேண்டியதில்லை, குட்டியை மாற்றினால் போதும்.

சாப்பாட்டுக்கு வருவோம். சென்னையில் இந்தப் பேச்சைச் சங்கடப்படாமல் பேசியே ஆகவேண்டும். "எங்காத்துல அசைவம் உள்ளே வராது, தயிர்சாதம் நன்னா சாப்பிடும்" என்பார்கள். மனசில் கள்ளம் இல்லாதவர்கள், குட்டியை மடியிலேயே வைத்துக்கொள்வார்கள். ஆனால் பூனை இறைச்சி தின்றே உயிர்வாழப் படைக்கப்பட்ட பிராணி. இறைச்சியில் இருக்கிற டாரின் என்ற சத்து கிடைக்காவிட்டால் கண் பார்வை போகும், இதயத் தசை தளர்ந்துவிடும். டாரின் குறைந்தால் பூனைகளுக்கு இந்த இதயத் தசை நோய் வரும் என்பதைக் கலிபோர்னியா ஆய்வாளர்கள் 1987லேயே காட்டிவிட்டார்கள். பால் பல பூனைகளுக்கு வயிற்றைக் கலக்கும். தயிர்சாதத்தில் வளர்கிற குட்டி சில மாதம் நன்றாகத்தான் தெரியும். இவர்களைச் சண்டைக்கு இழுக்க வேண்டாம். "பாக்கெட்டில் வருகிற பூனைத் தீனி வீட்டுக்குள் வரலாமா?" என்று ஒன்றே ஒன்று கேளுங்கள். பல வீடுகள் "அது பரவாயில்லை" என்கின்றன. அங்கே தாராளமாகக் கொடுக்கலாம். "அதுவும் கூடாது" என்றால் கும்பிட்டுவிட்டு வாருங்கள்.

அதோடு பாராசிட்டமால் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள். குட்டிக்கு உடம்பு சுடுகிறது என்று வீட்டில் இருக்கிற மாத்திரையை உடைத்துக் கொடுக்கிற அன்பானவர்கள் உண்டு. பூனையின் கல்லீரலால் அதைச் செரிக்க முடியாது. ஒரு மாத்திரை போதும், கதை முடிந்துவிடும்.

வீட்டைப் பார்க்காமல் கொடுக்கக் கூடாது. "வெளியில எங்கயாவது மீட் பண்ணலாமே", "மெட்ரோ வாசல்ல வாங்கிக்கிறேன்", "பைக் பார்சல்ல போட்டு விடுங்க, சார்ஜ் நான் கொடுத்திடறேன்" எல்லாவற்றுக்கும் பதில் ஒன்றுதான், முடியாது. மூன்று மாதக் குட்டியைத் துணிப்பைக்குள் கட்டி, வெயிலில், ஹாரன் சத்தத்தில், முன்பின் தெரியாத ஒருவர் வண்டியில் தொங்கவிட்டு அனுப்பச் சொல்கிறவர் அதை ஒரு பொருளாகத்தான் பார்க்கிறார். குட்டியை நீங்களே கொண்டுபோய்க் கொடுங்கள். போனால் பால்கனியைப் பாருங்கள். வலை இருக்கிறதா? பூனை எங்கிருந்து விழுந்தாலும் நாலு காலில் நிற்கும் என்பார்கள். நிற்கும்தான், ஆனால் ஐந்தாம் மாடியிலிருந்து விழுந்து நாலு காலில் நின்ற பூனையின் தாடையும் நெஞ்சும் என்ன ஆகியிருக்கும் என்று கால்நடை டாக்டரைக் கேளுங்கள். வலை போட்ட பிறகு வாங்கிக்கொள்ளுங்கள் என்று சொன்னால், நிஜமாக வேண்டுகிறவர் அடுத்த வாரமே ஆள் கூப்பிட்டுப் போட்டுவிட்டுப் படம் அனுப்புவார்.

வாடகை வீடு என்றால் ஹவுஸ் ஓனரிடம் பேசியாயிற்றா என்று கேளுங்கள், முடிந்தால் அவரிடமே ஒரு வார்த்தை பேசுங்கள். அடுக்ககச் சங்கங்கள் செல்லப்பிராணிகளைத் தடை செய்யக் கூடாது என்று இந்திய விலங்குகள் நல வாரியம் 2015இலேயே வழிகாட்டுதல் கொடுத்திருக்கிறது. உரிமை இருக்கிறது, சரி. ஆனால் சங்கச் செயலாளரோடு தினம் மல்லுக்கு நிற்கத் தெம்பில்லாத குடும்பம் மூன்றாம் மாதம் பூனையை மீன் மார்க்கெட் பக்கம் விட்டுவிட்டு வந்துவிடும். அப்படி விடுவதும் 1960 சட்டப்படி குற்றம் என்பது அவர்களுக்குத் தெரிந்திருக்காது.

வீட்டில் உள்ள எல்லாருக்கும் சம்மதமா என்பதை அந்த எல்லாரும் கூடத்தில் இருக்கும்போது கேளுங்கள். மருமகள் ஆசைப்பட்டு, மாமியார் வாய்திறக்காமல் உட்கார்ந்திருந்தால் அது சம்மதம் கிடையாது. குழந்தை உண்டானதும் "முடி வயித்துக்குள்ள போயிடும்" என்று ஆரம்பித்து, பூனை வெளியே போகும். இதை முன்கூட்டியே பேசலாம். மணல் தட்டை வேறொருவர் தினம் சுத்தம் செய்தால், கர்ப்பிணி இருக்கும் வீட்டில் பூனையும் இருக்கலாம். அவர்களுடைய டாக்டரிடமே கேட்டுக்கொள்ளச் சொல்லுங்கள். பிறந்தநாள் பரிசாக, யாருக்கும் சொல்லாமல் 'சர்ப்ரைஸ்' என்று கேட்டால் கொடுக்காதீர்கள். வீட்டுக்குள் இருக்கிற பூனை 15 வருஷம் சாதாரணமாக வாழும். கேக் மறுநாள் தீர்ந்துவிடும்.

இவ்வளவும் கேட்டால் ஒரு கட்டத்தில் அந்த வசனம் வரும். "என்னங்க, பொண்ணா குடுக்கறீங்க? ஒரு பூனைக்கு இவ்ளோ கேள்வியா?"

ஆமாம், பெண் கொடுக்கிற மாதிரிதான். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. பெண் கொடுக்கும்போது மாப்பிள்ளை சொல்வதை மட்டும் கேட்டா முடிவு செய்கிறோம்? தெருமுனை அண்ணாச்சி கடையில் விசாரிக்கிறோம், வாட்ச்மேனிடம் பேச்சுக் கொடுக்கிறோம், பக்கத்து வீட்டம்மாவைக் கேட்கிறோம். அதே வித்தையை இங்கேயும் காட்டுங்கள். "அந்த மூணாவது மாடி வீட்லயா? நாய் ஒண்ணு இருந்துச்சே, விட்டுட்டாங்க" என்று வாட்ச்மேன் சொல்கிற ஒரு வரி, பத்துப் பக்க விண்ணப்பத்துக்குச் சமம். முன்பு பூனை இருந்தது என்றால் எந்த டாக்டரிடம் காட்டினார்கள் என்று கேட்டு, அந்த டாக்டரிடமும் விசாரியுங்கள்.

கேள்வி கேட்பதற்குக் கோபப்படுகிற ஆள் பற்றி ஒன்று சொல்கிறேன். ஒருவருக்கு எரிச்சல் வருவது இயல்பு. ஆனால் கோபம் மிரட்டலாக மாறினாலோ, "நீங்கல்லாம் சேவைன்னு சொல்லிக்கிட்டு சீன் போடறீங்க" என்று வசை வந்தாலோ, அதற்குமேல் ஒரு நிமிஷமும் பேச வேண்டாம். குட்டி சோபாவைக் கீறினால் இவர் என்ன செய்வார் என்பது அப்போதே தெரிந்துவிட்டது.

நம் பக்கத்துக் கோணலையும் சொல்ல வேண்டும். தத்துக் கொடுக்கிறவர்களில் சிலருக்குச் சொந்த ஃபிளாட், கார், ஆங்கிலம் இருந்தால் போதும், கேள்வியே கிடையாது. ஓட்டு வீட்டிலிருந்து ஓர் ஆட்டோ ஓட்டுநர் கேட்டால் ஆயிரம் சந்தேகம். ஐடி கம்பெனித் தம்பதி பெங்களூருக்கு மாற்றலானதும் விட்டுப்போன பூனைகளை எடுத்து வளர்க்கிறவர்கள் பெரும்பாலும் அதே கட்டடத்து வாட்ச்மேனும் வீட்டுவேலை செய்கிற அக்காவும்தான். பணத்தைப் பார்க்காதீர்கள். தினமும் மூன்று வேளை யார் சோறு வைப்பார்கள், வண்டி ஓடுகிற தெருவில் பூனை வெளியே போகாமல் எப்படிப் பார்த்துக்கொள்வார்கள், உடம்பு சரியில்லை என்றால் எங்கே தூக்கிக்கொண்டு போவார்கள் என்று பாருங்கள். இதற்கெல்லாம் ஆங்கிலம் தேவையில்லை.

பெண்கள் இந்தப் பகுதியைக் கட்டாயம் படிக்க வேண்டும். குட்டி கேட்பதுபோல் வந்து நம்பர் வாங்கிக்கொண்டு, ராத்திரி பதினொரு மணிக்கு "குட்டி தூங்கிடுச்சா, நீங்க தூங்கலையா" என்று ஆரம்பிக்கிறவர்கள் இருக்கிறார்கள். விளம்பரத்தில் சொந்த நம்பர் வேண்டாம். வீட்டு முகவரி, வாசல் தெரிகிற படம் வேண்டவே வேண்டாம். முன்பின் தெரியாத வீட்டுக்குத் தனியாகப் போகாதீர்கள். இருவராகப் போங்கள், போகிற இடத்தை இன்னொருவருக்குச் சொல்லிவிட்டுப் போங்கள். வீட்டுக்குள் போனதும் மனசுக்கு ஏதோ சரியில்லை என்று பட்டால் காரணம் தேடிக்கொண்டு நிற்க வேண்டாம். "குட்டிக்கு இன்னொரு ஊசி பாக்கி இருக்கு, அடுத்த வாரம் சொல்றேன்" என்று எழுந்து வந்துவிடுங்கள்.

எட்டு வாரம் ஆகாமல் கொடுக்காதீர்கள். கடைகளில் குட்டி விற்பதற்கே 2018ஆம் ஆண்டின் விதி எட்டு வாரம் என்கிறது. காசுக்கு விற்கிறவருக்கே அப்படி என்றால் நாம் அதற்குக் கீழே இறங்கலாமா? கொடுக்கும்போது ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள். குட்டியின் அடையாளம், போட்ட ஊசிகள், கருத்தடை செய்யவேண்டிய மாதம், விற்கவோ வேறு யாருக்கும் கொடுக்கவோ கூடாது என்பது, எல்லாம் அதில் இருக்கட்டும். அடையாளச் சான்று கேளுங்கள். கடைசி நாலு எண் மட்டும் தெரிகிற மறைக்கப்பட்ட ஆதார் போதும். மற்றவர்களின் முழு ஆதாரை நம் போனில் சேர்த்து வைப்பது நமக்கே வம்பு. ஆறு மாதத்துக்குள் கருத்தடை செய்து பில் அனுப்பினால் திருப்பித் தருவதாக ஒரு தொகையை முன்பணமாக வாங்குகிறவர்கள் உண்டு. எனக்கு இது பிடித்த ஏற்பாடு. விற்க வருகிறவர் இதில் பின்வாங்குவார். வளர்க்க வருகிறவருக்கு நஷ்டமில்லை.

கொடுத்த பிறகு முதல் வாரம் வீடியோ அழைப்பில் குட்டியைக் காட்டச் சொல்லுங்கள். பழைய படத்தை அனுப்புகிறவர்கள் உண்டு, அதனால் அழைப்பிலேயே பார்ப்பது நல்லது. அழைப்பை எடுக்காமல், சாக்குச் சொல்லிக்கொண்டே இருந்தால் நேரில் போய் நில்லுங்கள். கொடுமை நடந்தது என்று தெரிந்தால் வீடியோ, இணைப்பு, உரையாடல், தேதி எல்லாவற்றையும் சேமித்துக்கொண்டு காவல் நிலையம் போங்கள். கொன்றிருந்தாலோ ஊனமாக்கியிருந்தாலோ பாரதிய நியாய சன்ஹிதாவின் 325ஆம் பிரிவின்கீழ் எஃப்.ஐ.ஆர். போடலாம், அதைப் பெயர் சொல்லிக் கேளுங்கள். அந்த வீடியோவை மட்டும் ஆத்திரத்தில் பத்து குரூப்பில் பகிராதீர்கள். எடுத்தவன் எதிர்பார்ப்பதே அந்தக் கூட்டத்தைத்தான்.

ஒன்றைக் கொடுக்கும்போதே உரக்கச் சொல்லிவிடுங்கள். "முடியலைன்னா எங்ககிட்டயே திருப்பிக் கொடுங்க, ஒரு வார்த்தை கேட்க மாட்டோம்." திருப்பிக் கொண்டு வருகிறவரை நாலு பேர் முன்னால் திட்டித் தீர்க்கிற பழக்கம் நம்மிடம் இருக்கிறது. அந்தத் திட்டுக்குப் பயந்து ராத்திரியோடு ராத்திரியாகத் தெருவில் விட்டுவிட்டு, "ஓடிப்போச்சுங்க" என்கிறவர்கள் உண்டு.

இவ்வளவு விசாரித்தும் ஒருவரும் தேறவில்லை என்றால் குட்டி உங்களிடமே இருக்கட்டும். வளர்ந்துவிட்டால் யாரும் எடுக்க மாட்டார்கள் என்ற பயத்தில் கண்டவரிடம் தள்ளாதீர்கள். வளர்ந்த பூனைக்கும் வீடு கிடைக்கிறது, கொஞ்சம் தாமதமாகக் கிடைக்கும். அதற்குள் இன்னொரு வேலை இருக்கிறது. பூனையின் கர்ப்பம் ஏறக்குறைய இரண்டு மாதம்தான். குட்டிகள் பால் குடித்துக்கொண்டிருக்கும்போதே தாய் மறுபடியும் சினையாகலாம். குட்டிகளுக்கு வீடு தேடுகிற இந்த வாரத்திலேயே அந்தத் தாய்ப்பூனைக்குக் கருத்தடைத் தேதி வாங்கிவிடுங்கள்.